ஆட்சேபணை இல்லை

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பி, வலது பக்கம். இடது காது செத்துப் பல வருஷமாச்சு, கருமாதி பண்ணாததுதான் பாக்கி. வலதுலதான் மிஷின். யாருக்கு ஆபரேஷன், அம்மாவுக்கா? நீங்க வாய்க்குள்ளயே பேசறீங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்கு வாயைத் தொறந்து பேச எவனும் சொல்லிக் குடுக்கலை. போகட்டும், நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன், கேட்டுக்கங்க. பேரு ஆவுடையப்பன், ஊரு கோவில்பட்டி. எம்பொண்ணு, ஒரே பொண்ணு, அவளை ஒரு செவிட்டுப் பயலுக்குக் கட்டிக் குடுத்திருக்கேன். என் காது நல்லாக் கேட்டதால வந்த வினை. ஆமா, கேட்டதாலதான். சொல்றேன்.

முதல்ல இந்த டாக்டரைச் சொல்லணும். நல்லா அறுப்பாரு, நல்லாத் தைப்பாரு, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பேச்சு, பின்னாடி ஒரு பேச்சு. முன்னாடி, "கேக்கும் சார்"னாரு. தோலுக்கு அடியில எதையோ வெச்சு, அதுலேர்ந்து காதுக்குள்ள கம்பி விட்டு, ஒரு மாசம் ஆறப் போட்டு, வெளியில இந்த மிஷினை மாட்டி ஸ்விட்சைப் போட்டாங்க. தகர டப்பாக்குள்ள எலி ஓடற சத்தம். எம்பொண்ணு எதிர்ல நின்னு "அப்பா"ங்கறா, எலி கத்துது. என்ன சார் இதுன்னா, "மூளை பழகணும்"கறாரு. அப்ப நீங்க அறுத்தது காதையா மூளையையான்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. இவங்களுக்குப் பதில் தெரியலைன்னா சிரிப்பு வந்துடும்.

அப்புறம் தெரபின்னு ஒரு பொண்ணுகிட்ட அனுப்பினாங்க. அதோ, அந்தக் கடைசி ரூம். பெனாசிர்னு பேரு. எம்பொண்ணை விடச் சின்னவ. அவ நம்பர் நம்பராச் சொல்லுவாளாம், நான் அதைத் தலைகீழாத் திருப்பிச் சொல்லணுமாம். காதுக்கு வந்தவனுக்கு இது எதுக்கும்மான்னு கேட்டேன். "ஞாபகத்துக்கு சார்"ங்கறா. ஞாபகம். என்கிட்ட. நான் கோர்ட்ல பெஞ்ச் கிளார்க்கா இருந்தவன் தம்பி. கேஸ் கட்டு மேஜைக்கு வர்றதுக்கு முன்னாடியே நம்பரைச் சொல்லுவேன். வாதி பேரு, பிரதிவாதி பேரு, எந்த வக்கீல் எந்தப் பொய்யைச் சொல்லி வாய்தா வாங்கினான், எல்லாம் இங்க இருக்கு, இந்த மண்டையில. இந்த மண்டைக்கு நாலு நம்பரைத் தலைகீழாச் சொல்லணுமாம். சொல்லலை. "முடியலை"ன்னு எழுதிக்கிட்டா. முடியாம இல்லை. மனுஷனுக்குக் கவுரவம்னு ஒண்ணு இருக்குல்ல.

அவ ஒரு விளக்கம் குடுத்தா பாருங்க. பழைய ஞாபகம் வேறயாம், இது வேறயாம். மிஷின்லேர்ந்து வர்றது முழுசா வராதாம், ஓட்டை ஓட்டையா வருமாம். வந்ததை மனசுல கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சுக்கிட்டு, ஓட்டையை நாமதான் ரொப்பணுமாம். பிடி நழுவிட்டா, கடைசி வார்த்தை வர்றப்ப முதல் வார்த்தை போயிடுமாம். அதுக்குத்தான் பயிற்சியாம். பயிற்சி பண்ணிக்கிட்டே, புரியாத இடத்துல "புரியலை, திரும்பச் சொல்லுங்க"ன்னு கேட்டுப் பழகணுமாம்.

ரொப்பறதுக்கு எனக்கு இவ சொல்லித் தரணுமா? மனுஷங்க பேசறது மொத்தமே பத்து விஷயம்தான் தம்பி. பக்கத்து வீட்டுக்காரன் வாயைத் தொறந்தாத் தண்ணி வரலைம்பான். என் தம்பி வாயைத் தொறந்தா மருமக சரியில்லைம்பான். மூஞ்சி ஏறினா "அப்படியா"ங்கணும், இறங்கினா "ச்சூ" கொட்டணும், வாய் நின்னா "சரி, பாத்துக்கலாம்"ங்கணும். அவ்வளவுதான் பேச்சு. கோர்ட்ல இத்தனை வருஷம் வக்கீலுங்க பேசினப்ப நான் என்ன கேட்டுக்கிட்டா இருந்தேன்? மூஞ்சியைப் பாத்தே இவன் எதுக்கு வந்திருக்கான்னு சொல்லிடுவேன். இது தெரியாத ஆளுங்கதான் "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு"ன்னு பிச்சை எடுக்கணும்.

எம்பொண்ணு பேரு பூங்கோதை. கூட்டுறவு பேங்க்ல வேலை. அவ அம்மா, செண்பகம், எனக்கு இந்த மிஷின் வைக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. வீட்டுல நானும் அவளும்தான். தெரபிப் பொண்ணு பேச்சைக் கேட்டுக்கிட்டு, பேங்க்லேர்ந்து வந்ததும் விசிறியால வாயை மறைச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்துடுவா. "கடைக்குப் போன மாமா குடையை மறந்துட்டு வந்துட்டார்." இதை நான் திருப்பிச் சொல்லணும். "மாமா குடை"ன்னேன். "முழுசாச் சொல்லுங்கப்பா"ங்கறா. மாமா குடையை மறந்தா எனக்கென்ன, நனையட்டும்னு எந்திரிச்சுட்டேன். மறுநாளும் விசிறியோட வந்தா. அதுக்கு மறுநாளும். விசிறியைப் பிடுங்கி அடுப்புல போட்டேன். அதுக்கப்புறம் வரலை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் லீவு போட்டுட்டுக் கூட வருவா.

வந்த இடத்துலதான் அந்தப் பயலைப் பாத்திருக்கா. இதே பெஞ்சு. நவநீதன்னு பேரு. நாலு வயசுல மூளைக் காய்ச்சல் வந்து காது போச்சாம், வளர்ந்த பிறகு இதே மாதிரி மிஷின் வெச்சிருக்காங்க. வீட்டு பிளான் வரைவான். ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பான், இல்லைங்கலை. ஆனா வாயைத் தொறந்தா மூக்கால பேசற மாதிரி ஒரு பேச்சு. அதை விடுங்க, அவன் கூச்சமே இல்லாம கேப்பான் தம்பி. டீக்கடையில நானும் அவனும் நிக்கறோம், மாஸ்டர் ஏதோ சொல்றான். "எனக்குக் காது கேக்காது, என்னைப் பாத்துத் திரும்பச் சொல்லுங்க"ங்கறான். கடை பூராக் கூட்டம். மாஸ்டர் திரும்பச் சொல்றான். இவன், "முதல் பாதி விளங்கலை, இன்னொரு தடவை"ங்கறான். எனக்குப் பக்கத்துல நிக்கவே அசிங்கமாப் போச்சு. மாஸ்டர் என்கிட்டயும் அதையேதான் கேட்டான். நான் கம்பீரமாத் தலையாட்டினேன். சர்க்கரையே இல்லாத டீ வந்துச்சு. குடிச்சேன். குடிச்சா என்ன குறைஞ்சு போயிட்டேன்?

அந்தப் பெனாசிர் அவனைத்தான் எனக்கு உதாரணம் காட்டுவா. அவன் நம்பரைத் தலைகீழா எவ்வளவு நீளம் வேணா சொல்வானாம். சத்தத்துக்கு நடுவுலயும் பிடிச்சுடுவானாம். அவன் சின்னப் பையன்லேர்ந்து வாயைப் பாத்து ரொப்பற அந்த வித்தையையே பண்ணிக்கிட்டிருக்கான், வேற என்ன வேலை அவனுக்கு?

இப்ப விஷயத்துக்கு வாரேன். ஐப்பசி மாசம், ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுப் பின்பக்கம் தகரம் போட்ட இடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. தகரத்துல மழை விழுந்தா உங்களுக்கே ஒண்ணும் கேக்காது. எனக்கு இந்த மிஷின்ல, லாரியிலேர்ந்து ஜல்லி கொட்டற மாதிரி இருந்துச்சு, கொட்டறான், நிறுத்தவே மாட்டேங்கறான். அப்ப அவ வந்தா. வந்து இடது பக்கம் உக்காந்தா. பேச ஆரம்பிச்சா.

உள்ள போய்ப் பேசலாம்னு சொல்லியிருக்கலாமேங்கறீங்க. எதுக்கு? அவ என்ன பேசுவான்னு எனக்குத் தெரியும். அந்த மாசம் பூரா டிரான்ஸ்பர், டிரான்ஸ்பர்னு அரிச்சுக்கிட்டிருந்தா. கோயமுத்தூர் பக்கம் கேக்கவா, உங்களை விட்டுட்டு எப்படிப் போறது, இதே பாட்டு. மூஞ்சியைப் பாத்தேன். தயங்கறா. டிரான்ஸ்பர்தான். "அப்படியா"ன்னேன். கொஞ்சம் கண்ணு கலங்கினா. "ச்சூ"ன்னேன். எங்கயோ பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசினா, அரை மணி இருக்கும். அவ என்கிட்ட அவ்வளவு நேரம் பேசி நான் பாத்ததே இல்லை. நடுவுல ஒரு இடத்துல சிரிச்சுக்கிட்டே அழுதா. நானும் லேசாச் சிரிச்சு வெச்சேன். வாய் நின்னுச்சு. என் மூஞ்சியையே பாக்கறா. நான் கோர்ட்ல சொல்ற மாதிரி, "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைம்மா"ன்னேன்.

என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒரு டிரான்ஸ்பருக்கு இந்தப் பொண்ணு என்ன இப்படிப் பண்ணுதுன்னு நினைச்சேன். அவ அம்மா மாதிரியே தொட்டதுக்கெல்லாம் கண்ணீர். பேப்பரை எடுத்துக்கிட்டேன்.

ஒரு பத்து நாள் இருக்கும். காலையில வாசல்ல கார் வந்து நிக்குது. அந்தப் பய இறங்கறான், அவன் அம்மா இறங்குது, மாமாவோ சித்தப்பாவோ ஒரு வழுக்கைத் தலை இறங்குது. கையில தாம்பூலத் தட்டு, பூ, பழம். எம்பொண்ணு பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கறா. எனக்கு ஒரு நிமிஷம் யார் வீட்டுல என்ன விசேஷம்னே பிடிபடலை. அப்புறம் பிடிபட்டுச்சு. அவளை அடுக்களைக்குள்ள கூப்பிட்டேன். என்னம்மா கூத்து இதுன்னேன்.

"நீங்கதானப்பா ஆட்சேபணை இல்லைன்னீங்க"ங்கறா.

"அந்தச் செவிட்டுப் பயலுக்கா?"

அவ மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கு நேரா வந்து நின்னா, வலது பக்கமா. ஒவ்வொரு வார்த்தையா, நிறுத்தி நிறுத்திப் பேசினா. அவன் சொல்லிக் குடுத்திருப்பான். "அப்பா. அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா? மழை பெஞ்சுது. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். இவங்களை இன்னொரு நாள் வரச் சொல்றேன். முதல்லேர்ந்து திரும்பச் சொல்றேன். நீங்க வேண்டாம்னாலும் பரவாயில்லை. கேட்டுட்டுச் சொல்லுங்க."

எல்லாம் விளங்குச்சு. ஒரு எழுத்து விடாம விளங்குச்சு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. வேண்டாம்னு சொல்ல ஒரே வழிதான். எனக்குக் கேக்கலைம்மான்னு சொல்லணும். கேக்கலைன்னு சொல்லிட்டு, அதே வாயால, அவன் செவிடன், வேண்டாம்னு எப்படிச் சொல்றது? எந்தக் கோர்ட்ல நிக்கும் அது? அடுக்களை வாசல் வழியாப் பாக்கறேன். ஹால்ல அந்தப் பய அவன் அம்மா பக்கம் குனிஞ்சு, "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க"ங்கறான். என் வீட்டு ஹால்ல, என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு. நானும் அவனும் ஒண்ணா?

"எனக்கென்ன காது கேக்காதா? எல்லாம் கேட்டுச்சு. கேட்டுத்தான் சொன்னேன். சொன்னாச் சொன்னதுதான்"னேன். சத்தமாவே சொன்னேன், ஹால் வரைக்கும் கேக்கட்டும்னு. அந்தப் பய திரும்பி என்னைப் பாத்தான். கேலியாப் பாத்திருந்தாக்கூட நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேலி இல்லை. தெரிஞ்சவனைப் பாக்கற மாதிரி பாத்தான். எனக்கு அதுதான் பொறுக்கலை.

தை மாசம் கழுகுமலையில கல்யாணம். சொந்தக்காரன் எல்லாம் வந்து, "என்ன ஆவுடையப்பா, பெரிய மனசு உனக்கு"ங்கறான். எவ்வளவு முட்டாப் பசங்க பாருங்க. ஆனா ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் காதைப் பத்திப் பேசலை. அந்த மட்டும் ஜெயிச்சேன். இப்ப ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல. அவ போன் பண்ணுவா. பேசத் தெரியாது அவளுக்கு, கடகடன்னு கொட்டுவா. உடனே அவன் வாங்கிக்குவான். "மாமா. நவநீதன். பூங்கோதை நல்லா இருக்கா. நீங்க சாப்பிட்டீங்களா?" ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு நிறுத்துவான். அவன் பேசறது மட்டும் எனக்குத் தெளிவாக் கேக்குது. செவிடன்ல, மெதுவாத்தானே பேச முடியும்.

என்ன? எதுக்குத் தம்பி செல்போன்ல எழுதிக் காட்டறீங்க? எனக்குத்தான் கேக்குதே. சரி, காட்டுங்க. "உங்களைக் கூப்பிடறாங்க." தெரியும். அப்பவே கேட்டுச்சு. அந்த நர்ஸுக்கு ஒரு பேரை ஒழுங்காக் கூப்பிடத் தெரியலை, கூப்பிட்டுப் பழகட்டும்னுதான் உக்காந்திருக்கேன். அடுத்த ஆளை அனுப்பச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்லை.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிட்டுப் போறேன். நீங்க வெளியாள், உங்ககிட்டச் சொன்னாத் தப்பில்லை.

கல்யாணம் முடிஞ்சு கார்ல ஏறப்போற நேரம். எம்பொண்ணு என் வலது காதுகிட்ட வந்தா. அதே மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்றா. "அப்பா. அம்மா கடைசியா உங்களுக்குச் சொல்லச் சொன்னதை அன்னைக்கு மழையில உக்காந்து சொல்லிட்டேன். அதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் தவிச்சேன். உங்களுக்குக் காது வந்த பிறகு சொல்லணும்னு அம்மா சொல்லியிருந்தா. சொல்லிட்டேன். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அது போதும் எனக்கு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னா என்னால முடியாதுப்பா."

நான் என்ன பண்ணினேங்கறீங்க? "ஆமாம்மா"ன்னேன். "அது என்னோட இருக்கட்டும்"னேன். வேற என்ன சொல்றது, காரைச் சுத்தி அத்தனை பேர் நிக்கறான். எல்லாம் கேட்டுச்சுன்னு அடுக்களையில நின்னு கத்தினவன் நான்.

செண்பகம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எனக்குச் சுத்தமாக் கேக்காது. அவ வாய் அசையும். நான் தலையாட்டுவேன். பொண்ணுதான் அவ வாய்கிட்டக் காதை வெச்சுக் கேட்டுக்கிட்டிருப்பா. என்ன சொன்னாள்னு நான் அப்பக் கேக்கலை. மாத்திரை, தண்ணி, அதைத்தான் சொல்லுவாள்னு விட்டுட்டேன்.

இப்ப இந்தப் பெனாசிர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேராக் கேட்டா சிரிப்பா. சும்மா பேச்சுவாக்குல கேக்கற மாதிரி, இந்த மிஷின்ல பழைய சத்தம் எத்தனை நாளைக்கு நிக்கும்மா, திருப்பிப் போட்டுக் கேக்க முடியுமான்னு கேக்கப்போறேன். சாதா செல்போன்ல இருக்கு, இத்தனை விலை குடுத்த மிஷின்ல இல்லாமலா போயிடும்? இல்லைன்னா சொல்லப்போறா. நிக்கறதெல்லாம் உங்க மூளையிலதான் சார்ம்பா. இவங்களுக்கு மூளையை விட்டா வேற எதுவும் தெரியாது.

பொண்ணுகிட்டக் கேக்க முடியாது. கேட்டா அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆயிடும், கல்யாணமே பொய்னு ஆயிடும். அந்தப் பயகிட்டச் சொல்லியிருப்பா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். என் பொண்டாட்டி என்ன சொன்னாள்னு அவன்கிட்டப் போய்க் கேக்கற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகலை.

ரொப்பிப் பாத்தேன் தம்பி, ரொப்பாமலா இருப்பேன். முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ, அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா? நாலு மாசமா உக்காந்து யோசிக்கறேன். கேஸ் கேஸா ஞாபகம் வருது, செத்துப்போன வக்கீல் பேசினதெல்லாம் வருது. அவ பேசினதுன்னு யோசிச்சா, "சாப்பிட வாங்க"ங்கறது ஒண்ணுதான் வருது. அதை விட்டா அவளுக்கு வேற என்ன பேசத் தெரியும்? அதைத்தான் சொல்லியிருப்பா. அதைச் சொல்றதுக்கு அந்தப் பொண்ணு ஏன் அரை மணி நேரம் அழணும், நீங்களே சொல்லுங்க.